13பி ரோட்டரி இன்ஜின்: இந்த ஹவுசிங்குகளைத் திரும்பப் போடலாமா?

வணக்கம் நண்பர்களே. மஸ்டா 13பி டர்போ இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி வகை) ஒன்று முழுதாகப் பிரித்துக் கிடக்கிறது. அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் பட்டை), ஸ்பிரிங், ஓ-ரிங் எல்லாம் புதிதுதான், அதில் கேள்வியே இல்லை. ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீலுக்கும் மூலையில் இருக்கும் கார்னர் சீலுக்கும் இடைவெளி 0.40 மி.மீ. வரம்பைத் தாண்டிவிட்டதால் அவையும் புதிதாக வாங்கி, 0.05 முதல் 0.15 வரை வருமாறு ராவிப் பொருத்தப்படும். குழப்பம் ரோட்டர்களைச் சூழ்ந்திருக்கும் கூடுகளான ஹவுசிங்குகளில்தான்.

முன் ரோட்டர் ஹவுசிங்கின் அகலத்தைச் சுற்றிலும் நான்கு இடத்தில் மைக்ரோமீட்டரில் அளந்தால் வித்தியாசம் 0.04. வரம்பு 0.06, ஆக அது தேறியது. ஆனால் ஸ்பார்க் பிளக் துளைகள் பக்கம், விளிம்பில், அபெக்ஸ் சீல் உரசும் உள்சுவரின் குரோம் பூச்சு சுமார் 3 மி.மீ. நீளத்துக்கு உரிந்திருக்கிறது. நகத்தை ஓட்டினால் மாட்டுகிறது. நடுப்பகுதி வழவழப்பாகவே இருக்கிறது.

இரண்டு ரோட்டர்களுக்கும் நடுவே சுவர் போல நிற்கும் நடு சைடு ஹவுசிங்கில் சைடு சீல் ஓடிய தடம் டயல் கேஜில் 0.08 காட்டுகிறது. வரம்பு 0.10. லேப் செய்தால், அதாவது பரப்பைத் தேய்த்துச் சமமாக்கினால், படி மறையும்தான். ஆனால் மேலே இருக்கும் கெட்டியான நைட்ரைடு அடுக்கும் சேர்ந்து போய்விட்டால், அடுத்த தேய்மானம் வேகமாக வருமே!

பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றி ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அந்தக் குரோம் விளிம்பைப் பொடி உப்புத்தாளால் மழுக்கிவிட்டுப் போட்டால் புது அபெக்ஸ் சீலின் முனை தாங்குமா? நடு ஹவுசிங்கை லேப் செய்யாமல் அப்படியே விடலாமா, இல்லை லேப் செய்து மறுபடி நைட்ரைடு ஏற்றுவதுதான் வழியா?