புது ஸ்பீக்கர் போட்ட பிறகு பேஸ் காணாமல் போய்விட்டது

திருவாரூர்க்காரன்:
வணக்கம். பழைய ஹேட்ச்பேக் கார். கம்பெனி ஸ்பீக்கர் கிழிந்துபோனதால் முன் கதவு இரண்டிலும் ஆறரை இன்ச் ஸ்பீக்கர் புதிதாகப் போட்டேன். ஆண்ட்ராய்டு செட் முன்பே இருந்ததுதான். குரல், வயலின் எல்லாம் தெளிவாக வருகிறது. ஆனால் நாதஸ்வரக் கச்சேரி போட்டால் தவிலில் கணீரென்று ஒலிக்கும் வலந்தலை மட்டும்தான் கேட்கிறது, தாழ்ந்த ஒலி தரும் மறுபக்கமான தொப்பியின் அடியைக் காணவே காணோம். செட்டில் பேஸை (தாழ்ந்த ஒலியை) முழுக்க ஏற்றினால் கரகரப்புதான் மிச்சம். மாட்டிக் கொடுத்த கடையில் "சப்ஊஃபர் போட்டால்தான் சார் பேஸ் வரும்" என்று, பேஸுக்கென்றே பெட்டியோடு வரும் தனி ஸ்பீக்கரைச் சொல்கிறார்கள். கிழிந்த ஸ்பீக்கரிலேயே இதைவிட நன்றாக இருந்தது. இப்போது அதற்கெல்லாம் பணம் இல்லை. என்ன பார்க்கலாம்?

வயரிங் அண்ணாச்சி:
தம்பி, சப்ஊஃபர் பேச்சை ஓரமாக வையுங்கள். கிழிந்ததில் வந்த அடி புதியதில் வரவில்லை என்றால் முதலில் மாட்டிய விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதே கச்சேரியை ஓடவிட்டு செட்டில் இடது வலது சத்தத்தைப் பிரிக்கும் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள், அப்புறம் வலது பக்கம். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது தொப்பி கேட்டு, நடுவில் வைத்ததும் மறைந்தால், ஏதோ ஒரு கதவில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது.

அப்படி மாறினால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு (நடுவில் அதிரும் பகுதி) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். 60 ஹெர்ட்ஸ் போன்ற பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். உங்கள் காரே அவ்வளவு நீளம் இருக்காது. அதனால் இரண்டு பக்க அலையும் காருக்குள் ஒன்றையொன்று அழித்துவிடும். 1000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர்தான், அங்கே முழுதாக அழியாது. குரல் தெளிவாகக் கேட்பது அதனால்தான்.

எந்தக் கதவு என்று தெரிய, செட்டின் பின்னால் உள்ள சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். வெளியே வாங்கிப் போடும் செட்டுகளில் பெரும்பாலும் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். பேட்டரி பிளஸ் கோடில்லாத வயரில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அந்தக் கதவுதான்.

பின்சீட்:
செட்டிங்கில் ஹை-பாஸ் ஃபில்டரையும் பாருங்கள். 100, 120 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் வடிகட்டப்படும். சப்ஊஃபர் இல்லாதவர் அதை அணைத்துவிடலாம், இல்லையென்றால் 60 போதும்.

திருவாரூர்க்காரன்:
ஃபில்டர் அணைத்துத்தான் இருந்தது. அண்ணாச்சி சொன்னதுதான் சரி! தனித்தனியாக இரண்டு பக்கமும் தொப்பி கேட்டது, நடுவில் வைத்தால் இல்லை. பேட்டரி வைத்ததில் வலது கூம்பு உள்ளே போனது. வயரை மாற்றிவிட்டேன், அடி வருகிறது. ஆனால் சத்தம் கூட்டினால் கதவு அட்டை கடகடக்கிறது.

வயரிங் அண்ணாச்சி:
ரொம்ப சந்தோஷம். ஏற்றி வைத்த பேஸை முதலில் நடுவுக்கு இறக்குங்கள், இனி அது தேவையில்லை. கதவு அட்டையைக் கழற்றினால் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் தெரியும். கூம்பின் பின்பக்க ஒலி அந்த வழியாக வந்து முன்பக்க அடியைக் குறைக்கும். அவற்றின் மேல் பியூட்டைல் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டுத்தாள்) ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் வளையம் ஒன்று, அட்டையின் கிளிப்புகள் உடைந்திருந்தால் புதுசு. சப்ஊஃபர் பெட்டி வாங்கும் காசில் சின்னப் பங்குதான் ஆகும். ஒட்டும் முன் கண்ணாடியை ஏற்றி இறக்கி எங்கும் உரசாதபடி பாருங்கள். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய விட்ட துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், தகடு துருப்பிடித்துவிடும்.