மறு: ‘ஃப்ரீ பிளே’ – இளக்கம் என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பைக்கின் கிளட்ச், பிரேக், செயினில் வேண்டுமென்றே விட்டு வைக்கும் வெறும் அசைவான ‘ஃப்ரீ பிளே’க்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நேற்று ஒருவர் ‘தளர்வு’ என்றே முடித்துவிடலாம் என்று எழுதியதும் கை நிற்கவில்லை.

> கிளட்ச் லீவரில் இருப்பதும் தளர்வு, செயினில் இருப்பதும் தளர்வு. ஒரே சொல் போதுமே.

ஒரே சொல் போதும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் தளர்ந்தது என்றால் கெட்டுப்போனது. நட்டு தளர்ந்தால் முடுக்க வேண்டும், உடம்பு தளர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். நாம் பெயர் தேடுவதோ வேண்டுமென்றே விட்டு வைக்கிற ஒன்றுக்கு. கிளட்ச் லீவரின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் முதல் 10, 15 மில்லிமீட்டர் வெறுமனே வரும். அதற்குப் பிறகுதான் வயர் பிடிக்கும். அந்த வெறும் இழுப்பு இல்லாவிட்டால் கையை விட்ட பிறகும் கிளட்ச் முழுதாக ஒட்டாது. தட்டு வழுக்கி வழுக்கித் தேயும், வண்டி இரையும், மேடு ஏறாது. பின் பிரேக் பெடலும் அப்படித்தான். ஒட்ட முடுக்கிவிட்டால் ட்ரம் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். ‘தளர்வைச் சரிபார்க்கவும்’ என்று கையேட்டில் எழுதினால், படிக்கிற பையன் அதை நீக்கியேவிடுவான்.

நானே அப்படி நீக்கியவன். மூன்று வருடத்துக்கு முன் காங்கயத்தில் வீட்டு வாசலில் வைத்துச் செயினை நானே டைட் வைத்தேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் ஆக்சில் நட்டை இளக்கி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கோடு பார்த்துச் சமமாகத் திருகி, கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. புதிதாக இழுத்துக் கட்டிய கயிற்றுக்கட்டில் மாதிரி விறைத்து நின்றது. பெருமையாக இருந்தது. மறுநாள் டேங்க் மேல் ஒரு பை தேங்காய், பின்னால் அம்மா, சென்னிமலைக்குப் புறப்பட்டோம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடியில் கர்ரென்றது. “ஏஞ்சாமி, வண்டி இப்புடி அழுவுது?” என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. ஒரு மாதத்தில், செயின் ஓடும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் ஆயில் சீல் கசிந்தது.

பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் மையமும் முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஒன்றல்ல, அதுதான் விஷயம். ஆள் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடும். அந்த இரண்டு மையமும் பின் ஆக்சிலும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் உச்சம். அந்த ஒரு நொடிக்காகத்தான், வண்டி நிற்கும்போது செயினை 20, 30 மி.மீ. மேலும் கீழும் ஆட விட்டு வைக்கிறோம். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது என்பதால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும்.

> வெற்றசைவு. வெறுமை + அசைவு. இலக்கணப்படி பிழையில்லை.

பிழையில்லை, பொருளும் துல்லியம். பெருந்துறையில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் சொல்லிப் பார்த்தேன்: “கிளட்ச்சில் வெற்றசைவு சரியாக இருக்குங்களா?” மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “வெத்தலைங்களா?” என்றார். சரி என்று, “இளக்கம் பத்துமா?” என்று மாற்றிக் கேட்டேன். லீவரை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். “எளக்கமே இல்லீங். வயரு முறுக்கா நிக்குது, ரெண்டு சுத்து உடோணும்.”

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மாட்டைக் கட்டும்போது தும்பை, அதாவது கயிற்றை, எளக்கிக் கட்டு என்று சொல்லிப் பழகிய வாய் அது. கழுத்தை இறுக்கவும் கூடாது, மாடு தலையை உருவிக்கொண்டு ஓடவும் கூடாது. அந்த அளவுதான் எளக்கம். நமக்கு வேண்டிய பொருளும் அச்சு அசல் இதுவே.

இந்த இழையில் எழுதும் ஈரோட்டு ஐயா, இளக்கம் என்றால் மெழுகு உருகுவதுதான் நினைவுக்கு வருகிறது என்கிறார். உண்மைதான், நெஞ்சு இளகுவதும் வரும். ஆனால் மேலே என் கதையிலேயே ‘நட்டை இளக்கி’ என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்; யோசித்து எழுதியதல்ல. கையில் கருவியோடு இருப்பவனுக்கு உருகல் நினைவுக்கே வராது. தவிர, கலைச்சொல் வாக்கியத்துக்குள் உட்கார வேண்டும். இளக்கம் விடு, இளக்கம் கூட்டு, இளக்கம் பிடி. ‘செயினை முடுக்கினால் சக்கரம் பின்னால் நகர்ந்து பிரேக் ராடின் இளக்கமும் குறைந்துவிடும், அதையும் சரிசெய்க’ என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

> பட்டறைச் சொல் கலைச்சொல் ஆகாது.

கோயமுத்தூர்ப் பக்கம் வந்து இதைச் சொல்லாதீர்கள். கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார்.

பட்டறையில் ‘ஆட்டம்’ என்ற சொல்லும் இருக்கிறது: பேரிங் ஆட்டம், புஷ் ஆட்டம். அது தேய்மானக் கோளாறு, அப்படியே இருக்கட்டும். அளவுக்கு மீறித் தொங்கும் செயினுக்குத் தொய்வு. எஞ்சின் வால்வை இயக்கும் டேப்பெட்டின் இடைவெளியையும் இதில் சேர்க்கச் சொன்னவருக்கு: தகடு நுழைத்து, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கணக்கில் பார்ப்பது அது. அது இடுக்கு. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

மதுரை, நெல்லை நண்பர்கள் தங்கள் மெக்கானிக்கிடம் இளக்கம் என்று சொல்லிப் பார்த்து, அவர் முகம் எப்படிப் போனது என்று எழுதுங்கள். அங்கே வேறு சொல் இருந்தால் அதையும்.

அன்புடன்,
காங்கயத்திலிருந்து