'டிரான்சிட்' நாவலில் அத்தனை விசா எதற்கு? அன்னா செகர்ஸ் நிஜமாகவே இப்படித்தான் தப்பினாரா?

மதுரை_புத்தகப்புழு:

போன வாரம் கிறிஸ்டியான் பெட்சோல்ட் எடுத்த 'டிரான்சிட்' (2018) படம் பார்த்தேன். கதை 1940-41இல் தெற்குப் பிரான்சின் மார்சே துறைமுகத்தில் நடப்பது, ஆனால் படத்தில் ஓடுவதெல்லாம் இன்றைய கார், இன்றைய போலீஸ். குழம்பிப்போய் நாவலையே ஆங்கிலத்தில் தேடிப் பிடித்துப் பாதிக்கு மேல் படித்துவிட்டேன்.

எனக்குப் புரியாதது இதுதான். ஹிட்லரிடமிருந்து ஓடி வந்தவர்கள் கப்பல் ஏறிப் போய்விட வேண்டியதுதானே? ஏன் ஒவ்வொரு தூதரகமாக அலைகிறார்கள்? போகிற நாட்டுக்கு ஒரு விசா, வழியில் இருக்கிற நாட்டுக்கு ஒரு விசா, பிரான்சை விட்டு வெளியே போக ஒன்று. இது கதைக்காகக் கட்டியதா, நிஜமாகவே இப்படியா? எழுதிய அன்னா செகர்ஸ் யூதர் என்றும் அவரும் மார்சே வழியாகத்தான் போனார் என்றும் பின்னட்டையில் ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:

நாடுகடந்த எழுத்தாளர் என்றாலே நம் ஆட்கள் ஸ்டெஃபான் ஸ்வைக்கோடு நின்றுவிடுகிறார்கள். செகர்ஸைப் பற்றிக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு காபி. எனக்கு அதிகம் தெரியாது. 'ஏழாவது சிலுவை' எழுதியவர், அதை ஹாலிவுட்டில் ஸ்பென்சர் டிரேசி நடித்து 1944இல் படமாக்கினார்கள். மிச்சத்தைக் கவுண்டர் சார் வந்து சொல்வார் பாருங்கள்.

கவுண்டர்_நம்பர்_4:

வந்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்காக: நான் சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் 24 வருடம் விசா பிரிவில் இருந்தவன். பாஸ்போர்ட் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுத் தோல் பையில் வைத்துக்கொண்டு, காலை ஐந்தரைக்கே தூதரக வாசலில் நிற்கிற ஆள். அதனால் இந்த நாவலைக் கையில் எடுத்ததும் பென்சிலையும் எடுத்துவிட்டேன். யாருக்கு எந்த விசா, எந்தத் தேதி வரை என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டேதான் படித்தேன். தொழில் புத்தி.

மதுரைத் தம்பி, அது கட்டுக்கதை இல்லை. அந்த ஊரில் அப்போது அப்படித்தான். இதைப் பின்னாலிருந்து முன்னால் வந்து பார்த்தால் புரியும், எங்கள் ஆபீசில் புதுப் பையன்களுக்கும் இப்படித்தான் சொல்லித் தருவோம். போய்ச் சேருகிற நாட்டு விசா முதலில் வேண்டும். அது இருந்தால்தான் நடுவில் கடக்கிற நாடு டிரான்சிட் தரும். டிரான்சிட் தருகிறவன் கப்பல் டிக்கெட் எங்கே என்பான். கப்பல் கம்பெனிக்காரன் டிரான்சிட் எங்கே என்பான். இரண்டையும் எப்படியோ சேர்த்துவிட்டால் பிரான்சை விட்டு வெளியேற விஷி அரசின் (ஜெர்மனிக்கு அடங்கித் தெற்குப் பிரான்சை ஆண்ட அரசு) அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அலைகிற வாரங்களில் முதலில் வாங்கிய விசா காலாவதி ஆகியிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து.

நாவலில் ஒரு கிழவர் வருவாரே, வெனிசுவேலாவின் கராகஸில் இசைக்குழு நடத்த வேலை கிடைத்தவர்? கதாநாயகனுக்கு இந்தச் சக்கரத்தை விளக்குவதே அவர்தான். ஒரு தாள் வந்தால் இன்னொன்று செத்திருக்கும். கடைசியில் அவர் கப்பல் ஏறாமலே இறந்துபோகிறார். (படித்திராவிட்டால் மன்னிக்கவும், கையை மீறிச் சொல்லிவிட்டேன்.) எனக்கு அந்தப் பக்கத்தில் பென்சில் ஓடவில்லை. இரண்டே நாளில் டிரான்சிட் செத்து, ஒரு குடும்பத்தின் பயணமே கெட்டதை என் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள், திட்டினார்கள், அடுத்த மாதம் போனார்கள். மார்சேயில் நின்றவர்களுக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது.

இதிலேயே பெரிய கூத்து, அந்த ஊரில் தங்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். 'நான் இங்கே தங்க வரவில்லை, கிளம்பத்தான் முயல்கிறேன்' என்று காட்டினால்தான் அதைத் தருவான். தங்க வேண்டுமா, கிளம்புவதற்கான தாளைக் காட்டு! காட்ட முடியாதவனுக்குத் தடுப்பு முகாம்.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், 1940 ஜூனில் பிரான்ஸ் கையெழுத்துப் போட்ட போர்நிறுத்த ஒப்பந்தத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஜெர்மனி பெயர் சொல்லிக் கேட்கிற ஜெர்மன்காரர்களைப் பிரான்ஸ் பிடித்துக் கொடுக்க வேண்டும். செகர்ஸ் யூதர், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், 1933லேயே ஜெர்மனியில் தடையான எழுத்தாளர். இவற்றில் ஒன்று போதும் பிடித்துப் போக.

இனி அவர் கதை. பிறந்தது 1900இல், மைன்ஸ் நகரத்தில். ரைன் நதிக்கரை ஊர். பெற்றோர் வைத்த பெயர் நெட்டி ரைலிங். அப்பா கலைப்பொருள் வியாபாரி. மகள் ஹைடல்பெர்க்கில் கலை வரலாறு படித்து, ரெம்பிராண்ட் ஓவியங்களில் யூதர்கள் என்ற தலைப்பில் 1924இல் டாக்டர் பட்டம் வாங்கினார். செகர்ஸ் என்ற புனைபெயர்கூட ஒரு பழைய டச்சு ஓவியருடையதுதான், ஹெர்குலிஸ் செகர்ஸ். கணவர் லாஸ்லோ ராத்வான்யி ஹங்கேரியர், கட்சிக்காரர். 1928இல் கிளைஸ்ட் என்ற இலக்கியப் பரிசு, அதே வருடம் கட்சி உறுப்பினர் அட்டை. 1933இல் போலீஸ் பிடித்து, பிறகு விட்டது. வெளியே வந்ததும் நாட்டை விட்டுக் கிளம்பி, சுவிட்சர்லாந்து வழியாகப் பாரிஸ்.

பாரிஸ் பக்கத்தில் ஏழு வருடம். 'ஏழாவது சிலுவை' அங்கேதான் எழுதப்பட்டது. போர் வந்ததும், நாஜிகளுக்குப் பயந்து வந்தவர்களையே 'எதிரி நாட்டவர்' என்று பிரான்ஸ் முகாம்களில் அடைத்தது. கணவரை பிரனீஸ் மலையடிவாரத்தில் லெ வெர்னே முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1940 ஜூனில் பாரிஸ் விழுந்தபோது செகர்ஸ் இரண்டு பிள்ளைகளோடு கால்நடையாகத் தெற்கே கிளம்பினார். பையனுக்கு 14, பெண்ணுக்கு 12. ஜெர்மன் படை இவர்களை முந்திக்கொண்டு போய்விட்டது. வேறு வழியில்லாமல் பாரிசுக்கே திரும்பி, ஒளிந்திருந்து, அப்புறம்தான் ஜெர்மனி பிடித்த வடக்கையும் விஷி ஆண்ட தெற்கையும் பிரித்த எல்லைக்கோட்டைத் தாண்டினார். அந்தக் குளிர்காலத்தைக் கழித்தது பாமியே என்கிற சின்ன ஊரில். காரணம் ஒன்றுதான், கணவர் இருந்த முகாமுக்கு அது பக்கம்.

அங்கிருந்து மார்சேக்குப் போவதும் வருவதுமாகத் தாள் சேர்த்தார். கதவைத் திறந்தது மெக்சிகோ. மார்சேயில் அதன் தலைமைத் துணைத் தூதர் (கன்சல் ஜெனரல்) ஹில்பெர்த்தோ போஸ்கேஸ் என்ற மனிதரை எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அகதிகளுக்கென்று மார்சேயில் இரண்டு பெரிய மாளிகைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கவைத்தவர். விசாவை வாரி வழங்கினார். பின்னால் ஜெர்மானியர்கள் அவரையும் அவர் ஊழியர்களையும் பிடித்துக்கொண்டுபோய் ஜெர்மனியில் பாட் கோடெஸ்பெர்க்கில் அடைத்துவைத்தார்கள். கவுண்டருக்கு உள்பக்கம் இருக்கிறவன் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அவர்தான் உதாரணம்.

1941 மார்ச் கடைசியில் 'கபிதான் போல் லெமெர்ல்' என்ற சரக்குக் கப்பல் மார்சேயிலிருந்து கிளம்பியது. அதில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு நால்வரும். சுமார் 350 பேர் ஏறிய அந்தக் கப்பலில் இருந்தது இரண்டே அறைகள், மொத்தம் ஏழு படுக்கைகள். இதை எழுதிவைத்திருப்பவர் அதே கப்பலில் போன மானுடவியலாளர் கிளோத் லெவி-ஸ்த்ரோஸ். கவிஞர் ஆந்த்ரே பிரத்தோன், எழுத்தாளர் விக்டர் செர்ஜ், ஓவியர் விஃப்ரெதோ லாம் எல்லோரும் அதே கப்பல்தான். அந்த ஏழு படுக்கை கிடைக்காதவர்கள் எல்லோரும் சரக்கு அறையில்.

மதுரை_புத்தகப்புழு:

சார், பெரிய நன்றி. பென்சில் யோசனை நன்றாக இருக்கிறது, நானும் செய்யப்போகிறேன். ஒரு சந்தேகம். ஏன் மெக்சிகோ? எல்லோரும் அமெரிக்காவுக்குத்தானே போனார்கள்?

கவுண்டர்_நம்பர்_4:

அமெரிக்காவின் வாசல் வரை போனார், தம்பி. கரீபியன் கடலில் பிரான்சின் தீவான மார்த்தினிக்கில் இறக்கிப் பழைய தொழுநோய் விடுதியாக இருந்த இடத்தில் அடைத்தார்கள். அங்கிருந்து டொமினிகன் குடியரசின் சாந்தோ தொமிங்கோ. அப்புறம் நியூயார்க்கில், வருகிறவர்களைச் சோதிக்கிற எல்லிஸ் தீவு. மகளுக்கு நரம்புக் கோளாறு என்று மருத்துவக் காரணம் காட்டி உள்ளே விடவில்லை. கட்சி அட்டைக்காரர் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்! மெக்சிகோ போன பிறகும் எஃப்.பி.ஐ. அவர் கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டுதான் இருந்தது. ஜூன் 30ஆம் தேதி வேராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வேடிக்கை என்ன என்றால், ஆளை உள்ளே விடாத அமெரிக்கா அடுத்த வருடமே அவர் புத்தகத்தை அள்ளி வாங்கியது. 'ஏழாவது சிலுவை'யின் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றை வேறு வேறு ஆட்களிடம் கொடுத்துவைத்திருந்தார், போரில் பல தொலைந்துபோயின. நியூயார்க்கிலிருந்த ஃபிரான்ஸ் கார்ல் வைஸ்கோஃப் என்ற எழுத்தாளரிடம் போன பிரதி பிழைத்தது. 1942இல் ஆங்கிலத்தில் பாஸ்டனிலும், ஜெர்மனில் மெக்சிகோவிலும் வந்தது. நாவலில் ஒரு நாஜி வதைமுகாமிலிருந்து ஏழு பேர் தப்புகிறார்கள். ஏழு மரங்களை வெட்டிச் சிலுவையாக்கிக் காத்திருக்கிறான் முகாம் அதிகாரி. ஏழாவது காலியாகவே நிற்கிறது. அந்த முகாமுக்கு முன்மாதிரி மைன்ஸுக்குக் கிட்டே இருந்த ஓஸ்ட்ஹோஃபன். சொந்த ஊர்ப் பக்கத்தைப் பாரிசில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், தெருத் தெருவாக.

செவ்வானம்:

எல்லாம் சரி கவுண்டர் சார். மற்ற பாதியையும் சொல்ல வேண்டாமா? 1947இல் பெர்லின் திரும்பினார். அப்புறம் கிழக்கு ஜெர்மனி எழுத்தாளர் சங்கத்துக்கு 1952லிருந்து 1978 வரை தலைவர். மெக்சிகோவில் அவர் புத்தகத்தைப் போட்ட 'எல் லிப்ரோ லிப்ரே' பதிப்பகத்தை நடத்தியவர் வால்டர் யாங்கா. அந்த யாங்காவைக் கிழக்கு ஜெர்மனி அரசு 1957இல் பொய் வழக்குப் போட்டு ஐந்து வருடம் உள்ளே தள்ளியது. செகர்ஸ் அந்த நீதிமன்றத்திலேயே உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. யாங்காவே பின்னால் எழுதியிருக்கிறார். நான் இடதுசாரிதான், ஆனாலும் இது எனக்கு உறுத்துகிறது.

கவுண்டர்_நம்பர்_4:

உறுத்தத்தான் வேண்டும். நான் மறைக்கவில்லை, கேள்வி விசா பற்றி என்பதால் அங்கே நிறுத்தினேன். குற்றமற்றவனைத் தண்டிக்க மறுக்கும் நீதிபதி ஒருவரைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு கதை எழுத ஆரம்பித்து, முடிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டார். 1983இல் அவர் இறந்து, 1990இல்தான் அது அச்சில் வந்தது. பெட்டிக்குள் வைத்த நேர்மையை யாங்காவால் சிறையில் என்ன செய்திருக்க முடியும்? அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

ஆனால் அவருடைய தாள் கணக்கில் ஒரு வரி பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா 1940இல் மைன்ஸில் இறந்துவிட்டார். அம்மா ஹெட்விக் அங்கேயே தனியாக. மகள் மெக்சிகோவிலிருந்து அம்மாவுக்கு நுழைவு அனுமதி வாங்க ஓடினார். கிடைத்தது, காலம் கடந்து. 1942 மார்ச்சில் மைன்ஸ் யூதர்களோடு அவரையும் போலந்தில் லுப்ளினுக்குப் பக்கத்திலுள்ள பியாஸ்கிக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். திரும்பவில்லை. நால்வருக்கான விசாவையும் வாங்கிவிட்ட பெண்ணுக்கு ஐந்தாவது ஆளின் விசாவில் தேதி தவறிவிட்டது.

1943 ஜூனில் மெக்சிகோ நகரத்தில் ஒரு கார் மோதித் தலையில் பலத்த அடி. நினைவு தப்பி, கொஞ்ச நாள் பழசெல்லாம் மறந்தும் போனது. தேறி வந்து எழுதிய கதைதான் 'இறந்த பெண்களின் சுற்றுலா'. தம்பி, நாவலை முடித்ததும் அதைப் படியுங்கள். மெக்சிகோ வெயிலில் காய்ச்சலோடு நடக்கிற ஒரு பெண், திடீரென்று ரைன் கரையில் பள்ளிச் சுற்றுலாவில் இருக்கிறாள். கூடப் படித்த ஒவ்வொரு பெண்ணும் பின்னால் என்ன ஆனாள் என்பதும் கூடவே வருகிறது. அதில் மற்றவர்கள் அவரைக் கூப்பிடுவது நெட்டி என்று. சொந்தப் பெயர். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறாள். பால்கனியில் அம்மா காத்துக்கொண்டு நிற்கிறாள். இவள் படியேறப் பார்க்கிறாள், ஏற முடியவில்லை.

மதுரை_புத்தகப்புழு:

இப்போதுதான் நாவலின் முதல் வரிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன் சார். 'மொந்த்ரியால்' கப்பல் டக்காருக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் மூழ்கிவிட்டதாகப் பேச்சு என்று ஆரம்பிக்கிறது. அவரும் அதே மார்த்தினிக்குக்குத்தான் கப்பல் ஏறினார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அந்த இசைக்குழுக் கிழவர் இறப்பதைச் சொன்னதற்கு மட்டும் உங்கள் மேல் கோபம்.

கவுண்டர்_நம்பர்_4:

அபராதம் கட்டுகிறேன். கடலோடி ஒரு காபி பாக்கி வைத்திருக்கிறாரே, அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.