மிட்வைஃப்: 'மருத்துவச்சி'யே இருக்கட்டும்; கூடவே 'மருந்தெழுது மருத்துவச்சி'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் பிள்ளை பெறப்போகும் தமிழ்ப் பெண்களுக்காக ஒரு தகவல் ஏட்டை நாங்கள் சிலர் மொழிபெயர்த்து வருகிறோம். முதல் வரைவில் 'மிட்வைஃப்' என்ற சொல்லுக்கு மட்டும் நான்கு பெயர்கள் வந்து நிற்கின்றன. சென்னையிலிருந்து போனவர் 'பேறுகாலச் செவிலியர்' என்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர் 'மருத்துவ மாது' என்கிறார். இன்னொருவர் 'மகப்பேறு உதவியாளர்', நான்காமவர் 'தாதி'. தாதி என்றால் இலங்கையில் நர்ஸ். தமிழ்நாட்டின் பழைய வழக்கில் பிரசவம் பார்ப்பவர். சிட்னியில் இரு நாட்டுப் பெண்களும் ஒரே மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். ஆகவே தாதியை முதலிலேயே விலக்கிவிடலாம்.

மற்றவற்றை எடைபோட அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். 2010 ஜூலை 1 முதல் அங்கே சுகாதாரத் தொழில்களுக்கு நாடு தழுவிய பதிவு முறை நடைமுறையில் இருக்கிறது. ஆப்ரா என்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. யாரைப் பதியலாம் என்ற அளவுகோலை வகுப்பது செவிலியருக்கும் மருத்துவச்சியருக்குமான வாரியம். 'மிட்வைஃப்' என்பது சட்டம் காக்கும் தொழிற்பெயர். பதிவு இல்லாதவர் அதைப் போட்டுக்கொண்டால் 60,000 டாலர் வரை அபராதம், பெரும்பாலான மாநிலங்களில் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அப்படிப்பட்ட பெயருக்குத் தமிழில் நான்கு சொல் வைத்தால், வாசிக்கிற பெண் இவர்கள் நான்கு வேறு ஆட்கள் என்றுதான் நினைப்பாள்.

'செவிலியர்' என்ற சொல் ஏன் ஒட்டாது? வாரியம் ஒன்றுதான் என்றாலும், இவை இரண்டும் தனித்தனித் தொழில்கள் என்பதை 2017இல் வந்த சட்டத் திருத்தம் தெளிவாக்கிவிட்டது. நர்சிங் படிக்காமலே 3 ஆண்டுப் பட்டம் படித்து மருத்துவச்சி ஆகலாம். 4 ஆண்டு இரட்டைப் பட்டம் உண்டு. ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர் மேற்படிப்பாகவும் படிக்கலாம். எந்த வழியில் வந்தாலும், மாணவி குறைந்தது 10 பெண்களைக் கர்ப்ப காலத்திலிருந்து பிள்ளை பிறந்த பிறகு வரை கூடவே இருந்து கவனித்திருக்க வேண்டும். நேரடியாக 3 ஆண்டுப் பட்டம் முடித்து வந்தவர் நர்ஸ் வேலை பார்க்க முடியாது. அந்தப் பதிவேட்டில் அவர் பெயரே இருக்காது. அவரைப் 'பேறுகாலச் செவிலியர்' என்று எழுதினால் அது தவறான தகவல். நம் ஊரில் மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோவிலேயே பிரசவப் படிப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. படித்து முடித்தவர் இரண்டுக்கும் சேர்த்தே பதிவு செய்துகொள்கிறார். இந்தப் பிரிவு நமக்குச் சட்டென்று பிடிபடாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

'உதவியாளர்' என்பதை நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த வரைவை மெல்பர்னில் நிறைமாதமாக இருக்கும் என் தங்கைக்கு அனுப்பினேன். “சிக்கல் இல்லாத பிரசவத்தை மகப்பேறு உதவியாளர் பார்ப்பார்” என்ற வரியைப் படித்துவிட்டு, “சரி அண்ணா, உதவியாளர் வருவார். டாக்டர் எப்போ வருவார்?” என்று கேட்டாள். அங்கே அரசு மருத்துவமனையில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் டாக்டர் வராமலே பிரசவம் முடிந்துவிடலாம். வலியைக் கணித்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, பிள்ளையைக் கையில் ஏந்துவது மருத்துவச்சி. டாக்டர் வேண்டுமா என்று முடிவு செய்து கூப்பிடுவதும் அவர்தான். பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தத்துளி எடுப்பதும் பெரும்பாலும் அவர் வேலையே. இத்தனையையும் தன் பொறுப்பில் செய்கிறவரை 'உதவியாளர்' என்று எழுதிவிட்டு, பிரசவ அறையில் அவரை நம்பு என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்ல முடியும்?

போன மடலில் ஒரு நண்பர் 'பேறுகாப்பாளர்' என்று முன்வைத்தார். நல்ல ஆக்கம்தான், ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. ஆனால் 'பேறு' என்றதும் மனசு பிரசவ நாளுக்குப் போய்விடுகிறது. மருத்துவச்சியின் வேலையோ கர்ப்ப காலத்தில் தொடங்கி, பிள்ளை பிறந்து 6 வாரம் வரை நீள்கிறது. தாய்ப்பால் கட்டிக்கொண்டால் வீட்டுக்கு வந்து பார்ப்பவரும் அவரே.

எனவே என் முன்மொழிவு 'மருத்துவச்சி'. ஈழத்தில் 'மருத்துவிச்சி' என்பார்கள். இரு நாட்டாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 'மருத்துவ மாது' இலங்கை அரசுத் தாள்களில் இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டார் அதைக் கேட்டதில்லை. மருத்துவச்சி என்றால் படிக்காத கிழவி என்ற எண்ணம் வருமே, சாதிப் பெயர் போலவும் ஒலிக்குமே என்று இங்கே சிலர் தயங்கினார்கள். நம் ஊர்களில் பிரசவம் பார்த்த பெண்களைச் சாதி சொல்லி வாசலோடு நிறுத்தியது உண்மை. அதற்காக அவர்கள் தொழிலின் பெயரையும் தள்ளிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆங்கிலச் சொல்லும் ஊர்க்கிழவிகளைக் குறித்த பழைய சொல்தான். சட்டம் அதைத்தான் எடுத்துப் படிப்பையும் பதிவையும் சேர்த்துக் கட்டியது. ஏட்டில் முதல் முறை வரும்போது 'பதிவுபெற்ற மருத்துவச்சி' என்று எழுதிவிடலாம்.

அடுத்த சொல்தான் உண்மையில் புதிது. சில மருத்துவச்சியருக்குக் கூடுதல் அனுபவமும் படிப்பும் இருந்தால், மருந்து எழுதித் தரும் தகுதியை வாரியம் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே குறிக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் 'எண்டார்ஸ்மென்ட்' என்று பெயர். வணிகவியல் பாடநூலில் காசோலைக்குச் சொல்லும் 'மேலெழுத்து' அதற்கு அகராதியில் கிடைக்கும், ஆனால் இங்கே அது எதையும் உணர்த்தாது. மக்கள் “மருந்து எழுதிக் கொடுத்தார்” என்றுதான் பேசுகிறார்கள். அதிலிருந்து வினைத்தொகையாக 'மருந்தெழுது மருத்துவச்சி' என்று வைக்கலாம். பதிவேட்டுக் குறிப்பைத் 'தகுதிக்குறிப்பு' எனலாம். இந்தச் சொல் ஏட்டுக்கு அவசியம். மருந்தெழுது மருத்துவச்சி தனியாகத் தொழில் நடத்தினால், 2010 நவம்பரிலிருந்து அவரிடம் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் திரும்பக் கிடைக்கிறது. அதற்கு ஒரு டாக்டரோடு அவர் ஒப்பந்த ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2024 நவம்பர் 1 முதல் நீங்கிவிட்டது.

இன்னொரு இடத்தில் கவனம் தேவை. பதிவைப் புதுப்பிக்க, கடந்த 5 ஆண்டில் குறைந்தது 450 மணி நேரம் மருத்துவச்சியாக வேலை செய்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஆண்டுக்கு 20 மணி நேரத் தொழிற்கல்வி தனி. வரைவில் முதலாவதை 'அண்மைப் பயிற்சி' என்று போட்டிருக்கிறார்கள். பயிற்சி என்றால் கற்றுக்குட்டி என்றாகிவிடும். 'அண்மைப் பணி' என்று மாற்றச் சொல்கிறேன். பதிவு ஒருமுறை வாங்கி மாட்டி வைக்கும் சான்றிதழ் இல்லை, ஆண்டுதோறும் மே 31க்குள் புதுப்பிப்பது. அதனால் 'நடப்புப் பதிவு' என்ற சொல்லும் வேண்டும்.

தீராமல் நிற்பது ஒன்று. அங்கே ஆண்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் மிகக் குறைவு என்றாலும். அவர்களுக்கும் சட்டப் பெயர் ஒன்றே. 'மருத்துவர்' என்றால் டாக்டர் ஆகிவிடும். 'ஆண் மருத்துவச்சி' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். காதுக்கு இடறினாலும் பொருள் பிசகாது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஏடு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்.