கட்டி குடலில் இருக்க, இதய வால்வு கெட்டது ஏன்?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61. சிறுகுடலில் தோன்றிய கார்சினாய்டு கட்டி (ஹார்மோன் சுரக்கும் ஒரு வகைப் புற்று) கல்லீரலுக்கும் பரவியிருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. கட்டியின் சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியை மாதந்தோறும் போடத் தொடங்கியபின், முகம் திடீரெனச் சிவப்பதும் வயிற்றுப்போக்கும் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் இப்போது கால்கள் வீங்குகின்றன. எக்கோவில், இதயத்தின் வலப்பக்கத்திலுள்ள மூவிதழ் வால்வில் கடுமையான கசிவு தெரிகிறது. புற்று இதயத்திற்கும் பரவிவிட்டதா?

மறுமொழி: இதயப் பிரிவில் பணிபுரிபவர்
பெரும்பாலும் இது பரவல் அன்று. குடல் கட்டி சுரக்கும் செரோட்டோனின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் சிதைத்துவிடும். கல்லீரலிலேயே கட்டிகள் வளர்ந்துவிட்டால், அவை சுரப்பது சிதையாமல் கல்லீரல் சிரைகள் வழியாக நேரே இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, வால்வு இதழ்களின் மேல் வெண்ணிற நார்த்திசுவைப் படியச் செய்கிறது. இதழ்கள் தடித்துச் சுருங்கி, மூட இயலாமல் பாதித் திறப்பிலேயே விறைத்துவிடுகின்றன. (1997-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட ஃபென்ஃபுளூரமின் என்ற எடைக்குறைப்பு மருந்தும், வால்வுச் செல்களில் செரோட்டோனின் தூண்டும் அதே ஏற்பியை (சமிக்ஞை பெறும் புரதத்தை) தூண்டித்தான் வால்வுகளைக் கெடுத்தது.) ஊசி சுரப்பைக் குறைக்குமே தவிர, படிந்த தழும்பைக் கரைக்காது. நுரையீரல் எஞ்சிய செரோட்டோனினைச் சிதைப்பதால் இடப்பக்க வால்வுகள் தப்பிவிடுகின்றன.

மறுமொழி: நோயாளி ஒருவரின் உறவினர்
செரோட்டோனின் சிதைவால் உண்டாகும் 5-ஹெச்ஐஏஏ என்ற பொருளை 24 மணிநேரச் சிறுநீரில் அளக்கச் சொல்வார்கள். அதற்கு முன் சில நாள்கள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி ஆகியவற்றை உண்ணக் கூடாது. இதை யாரும் சொல்லாததால் என் அத்தை இரண்டாம் முறையும் ஒரு நாள் முழுவதும் குடுவையும் கையுமாக இருக்க நேர்ந்தது.

மறுமொழி: மயக்கவியல் மருத்துவர்
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். இதய மேலறைகளுக்கிடையே பிறவித் துளை மூடாமல் இருந்தாலோ, கட்டி நுரையீரலிலேயே இருந்தாலோ இடப்பக்க வால்வுகளும் கெடலாம். ஆகவே எக்கோவில் அந்தத் துளையையும் தேடச் சொல்லுங்கள். வால்வு மாற்று அறுவை தேவையெனில், வலக் கீழறை தளர்ந்துபோகும் வரை காத்திருப்பது நல்லதன்று. மயக்கமருந்தோ கட்டியைத் தொடுவதோ ஹார்மோன்களை ஒரேயடியாக வெளியேற்றி இரத்த அழுத்தத்தை அபாயகரமாகச் சரிக்கக்கூடும்; அதனால்தான் அறுவைக்கு முன்பே தொடங்கி, அறுவை நேரத்திலும் அதன் பின்னும் ஆக்ட்ரியோடைடைச் சிரைவழியாகத் தொடர்ந்து செலுத்துகிறோம். எந்த வகை வால்வு என்பதையும் இப்போதே கேளுங்கள்: உலோக வால்வு வைத்தால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும், நோயுற்ற கல்லீரலுடன் அது எளிதன்று, திசு வால்விலோ சுரப்பு கட்டுப்படாவிட்டால் மீண்டும் படிவு சேரலாம். தந்தையின் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் இதுவரை ஒருமுறையேனும் சேர்ந்து பேசியிருக்கிறார்களா?