ஒரே டேக், இரண்டு போன்: ஒன்றில் படிக்கிறது, மற்றொன்றில் வெற்று

கேட்டவர் (ஆம்பூர்):
ஷூ கம்பெனி ஒன்றுக்கு ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறேன். இரும்புத் தள்ளுவண்டிகளில் ஒட்ட, போனை அருகே காட்டினால் படிக்கும் வட்டமான என்எஃப்சி டேக் வாங்கி, வண்டி எண்ணை என்டெஃப் (என்எஃப்சி டேக்கில் தகவல் எழுதும் பொது வடிவம்) பதிவாக எழுதினேன். மேசைமேல் வைத்தால் என் போன் உடனே படிக்கிறது. சூப்பர்வைசர் போனில் சத்தம் மட்டும் வருகிறது, அந்தப் பதிவைப் படிக்க நிரலில் அழைக்கும் என்டெஃப்.கெட் 'நல்', அதாவது வெற்று, தருகிறது. வண்டியில் ஒட்டினாலோ இரண்டும் ஊமை. மூன்று நாளாக நிரலைப் புரட்டுகிறேன்.

பதில் (காட்பாடி):
நிரலை விடுங்கள் நண்பரே. டேக்கில் போன் கண்டறியும் தொழில்நுட்பங்களைப் பட்டியலிடும் கெட்டெக்லிஸ்ட், இரண்டு போனிலும் என்ன தருகிறது?

கேட்டவர்:
என்னுடையதில் என்எஃப்சிஏ (அடிப்படைத் தொடர்பு), மைஃபேர் கிளாசிக், என்டெஃப். அவருடையதில் என்எஃப்சிஏ மட்டும். டேக் வந்த பையில் '1கே' என்றிருக்கிறது. மலிவாகக் கிடைத்தது.

பதில் (காட்பாடி):
அந்த மலிவுதான் வினை. உங்கள் டேக் மைஃபேர் கிளாசிக் வகை; அதன் கிரிப்டோ1 பூட்டு (தகவலைக் காக்கும் மறையாக்க முறை) என்எக்ஸ்பி நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. என்எஃப்சி தரங்களை வகுக்கும் அமைப்பான என்எஃப்சி ஃபோரம் வகுத்த டேக் வகைகளில் அது சேராது. அதற்கு ஆதரவில்லாத சிப் உள்ள போன், டேக்கின் அடையாள எண்ணோடு நின்றுவிடும்; உள்ளே இருப்பதைத் தொடாது. 2012-இல் வந்த நெக்சஸ் 4 போன் காலத்துத் தலைவலி இது. ஐபோனிலும் கிளாசிக் எடுபடாது. ஃபோரம் வகையில் சேரும் என்டேக் 213 டேக் வாங்குங்கள். 144 பைட் இடம். வண்டி எண்ணுக்கு அதுவே தாராளம்.

பதில் (ராணிப்பேட்டை):
டேக்கை மாற்றினாலும் இரும்பு விடாது. போன் அனுப்பும் காந்தப்புலம் தகட்டில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும்; அது அந்தப் புலத்தையே எதிர்த்து அடக்கிவிடும். பின்புறம் ஃபெரைட் (காந்தப்புலம் தகட்டை எட்டாமல் தடுக்கும் பொருள்) படலம் உள்ள டேக்காகக் கேளுங்கள். அதுவரை ஒரு சோதனை: உங்களிடம் இல்லாத தோலா? நாலைந்து கழிவுத் துண்டுகளை அடுக்கி, டேக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
வைத்தேன் ஐயா. இரண்டு துண்டில் அசையவில்லை. ஐந்தாவதில் என் போன் படித்தது! என்டேக் 213 நேற்று வந்தது, மேசையில் இரண்டு போனும் படிக்கின்றன. ஆனால் வண்டியில் சூப்பர்வைசருக்கு இன்னும் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் கிடைக்கிறது.

பதில் (ராணிப்பேட்டை):
போனின் எந்த இடத்தைக் காட்டுகிறார்?

கேட்டவர்:
நடு முதுகை. இப்போது கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னேன். பத்துக்குப் பத்து. ஆன்டெனா அங்கேதான் இருந்திருக்கிறது. செயலியின் முதல் திரையில் போனின் படம் போட்டு, அந்த இடத்தை வட்டமிடப் போகிறேன். ஃபெரைட் டேக்குக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டேன். அது வரும்வரை வண்டிகளில் தோல் துண்டுகளே தொங்கட்டும்.