பேட் பாத்: பாதையா, தடமா, சாலா?

டல்லாசிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் என் சித்தி மகள், தன் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற மட்டையாட்டம்) பிள்ளைகளுக்காக மட்டை வீசும் முறை பற்றித் தமிழில் நான்கு பக்கம் கேட்டிருக்கிறாள். என் மகள் இங்கே பன்னிரண்டு வயதுப் பிரிவில் ஆடுகிறாள். வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து வருடமாகப் பயிற்சியாளர்கள் கத்துவதைக் கேட்டதுதான் என் தகுதி. முதல் பத்தியிலேயே இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன்: ஹிப் ரொட்டேஷன், அதாவது வீசும்போது இடுப்பைத் திருப்புவது; பேட் பாத், அதாவது வீசும்போது மட்டை போகும் வழி.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கல்லூரி மகளிர் ஆட்டத்தில் பந்தெறிபவர் 43 அடி தள்ளி நின்று, கையைக் கீழ்வழியாகச் சுழற்றி எறிவார். முன்னால் தாவியபடி விடுவதால், பந்து கையை விடும்போது மிச்சமிருக்கும் தூரம் ஏறத்தாழ 37 அடிதான். வேகம் மணிக்கு 65 மைல் என்றால் பந்து வந்து சேர 0.4 விநாடி. பந்தைப் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுப்பதிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். மிச்ச நேரத்துக்குள் இடுப்பு, தோள், கை, மட்டை என்று எல்லாம் வரிசையாக வந்து சேர வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னையிலிருந்து:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பூமியின் சுழற்சி என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். இடுப்புச் சுழற்சி, மட்டைப் பாதை. முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும்போது புதுச்சொல் ஆசை வேண்டாம். இந்தக் குழுவில் ஒரு சொல்லுக்கு நாற்பது மடல் எழுதி, கடைசியில் முதல் மடலில் இருந்த சொல்லுக்கே திரும்பிய வரலாறு உண்டு.

டொரொண்டோவிலிருந்து:

மட்டை என்றால் யாழ்ப்பாணத்துக்காரிக்குத் தென்னை மட்டைதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது துடுப்பு, கிரிக்கெட்டே துடுப்பாட்டம். ஆனால் தம்பி எழுதுவது அங்குள்ள பிள்ளைகளுக்கு, ஆகவே மட்டையே இருக்கட்டும். எனக்கு உறுத்துவது சுழற்சி. பம்பரம் சுழலும், பூமி சுழலும். இந்தப் பிள்ளைகளின் இடுப்பு கால் சுற்றுத் திரும்பி நின்றுவிடுகிறதே, அதற்குப் பெயர் சுழற்சியா? பாதையும் சரியில்லை. பாதை நடப்பதற்கு முன்பே கிடக்கும். மட்டை போன பிறகு தெரிவதைத் தடம் என்று சொல்லலாம்.

டல்லாசிலிருந்து:

> புதுச்சொல் ஆசை வேண்டாம்.

ஐயா, ஆசை இல்லை, அனுபவம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடுப்பு. ‘இடை என்றும் பொருள்படுமே, குழப்பாதா’ என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். குழப்பாது. குடத்தையும் குழந்தையையும் எந்த எலும்பின் மேல் வைக்கிறோமோ அதுதான் இங்கே திரும்ப வேண்டிய இடம். அந்தச் சொல்லில் கைவைக்க வேண்டியதில்லை.

சிக்கல் சுழற்சியில் இருக்கிறது. என் மகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர், இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார்: பின்காலால் பூச்சியை நசுக்கு. அவளும் இரண்டு வருடம் நசுக்கினாள். பின்பாதம் நின்ற இடத்திலேயே திருகியது. உடம்பின் பாரம் பின்காலிலேயே தங்கியது. இடுப்பும் தோளும் ஒரே பலகையாக, கீல் போட்ட கதவு மாதிரி ஒன்றாகத் திரும்பின. சுழற்சி இருந்தது ஐயா, குறையே சொல்ல முடியாது. பந்துதான் தரையோடு உருண்டது.

பிறகு ஓக்லஹோமா சிட்டிக்கு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப்போய்க் கல்லூரி மகளிர் இறுதிச் சுற்றைப் பார்த்தோம். (2028 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் ஆட்டங்களை லாஸ் ஏஞ்சலஸில் நடத்தாமல் அந்த ஊருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.) நான் பந்தைப் பார்க்கவில்லை, பின்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக அடித்தவர்களில் பலருக்கும் பின்காலின் விரல் நுனி மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. ஒரு பூச்சிகூட நசுங்கவில்லை. பாரம் முன்காலுக்குப் போய், முன்முழங்கால் விறைத்து நின்று, அதன் மேல் இடுப்பு திரும்பியது.

இப்போதைய பயிற்சியாளர் இதை வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தார். முன்கால் தரையில் ஊன்றியதும் பெல்ட் கொக்கி பந்தெறிபவரைப் பார்க்கத் தொடங்க வேண்டும். சட்டை நெஞ்சில் இருக்கும் எண் அதற்குள் பார்த்துவிடக் கூடாது. மகள் அப்படி நின்று காட்டினாள். சட்டையில் இடுப்பிலிருந்து எதிர்ப்பக்க விலாவரை சாய்வாக மடிப்புகள் விழுந்தன. ஈரத்துணியைப் பிழியத் தொடங்கும்போது முதலில் விழுமே, அதே மடிப்பு. அந்த முறுக்கு அவிழும்போதுதான் தோள் வருகிறது, பிறகு கை, கடைசியில் மட்டை. சாட்டையில் பிடி முதலில் நகர்ந்து நுனி கடைசியில் வந்தாலும் நுனிக்குத்தான் வேகம் அதிகம்; அதே கணக்கு.

எனவே இடுப்பு எவ்வளவு திரும்பியது என்பதைவிட, தோளுக்கு முன்னால் திரும்பியதா என்பதுதான் முக்கியம். சொல் அதைச் சொல்ல வேண்டும். என் பரிந்துரை: இடுப்பு முந்தல். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே ஏறும் அந்த இறுக்கத்துக்கு முறுக்கு. தின்பண்டம் நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், அதையும் பிழிந்துதான் எடுக்கிறோம்.

அடுத்து பேட் பாத். பேஸ்பாலில் எறிபவர் மேட்டில் நின்று தோளுக்கு மேலிருந்து எறிகிறார். பந்து இறங்கி வருகிறது. அதனால்தான் மட்டையைச் சற்று மேல்நோக்கி வீசச் சொன்னார் பழைய பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ். சாஃப்ட்பாலில் மேடு கிடையாது, பந்து தொடைப்பக்கத்திலிருந்து புறப்படுகிறது. ரைஸ்பால் என்ற எறியோ ஏறிக்கொண்டே வரும். பேஸ்பால் காணொளியைப் பார்த்து மட்டையை அதிகமாகத் தூக்கி வீசுகிற பிள்ளை அந்தப் பந்துக்கு அடியில் காற்றைத்தான் அடிப்பாள். பந்து எந்தக் கோட்டில் வருகிறதோ அதற்குள் மட்டை சீக்கிரமே, பின்தோளைத் தாண்டியதுமே நுழைந்து, நீண்ட நேரம் அதிலேயே போக வேண்டும். அப்போது கணிப்பு இம்மி தவறினாலும் எங்காவது பந்து படும்.

இடுப்பு முந்தினால் கைகள் உடம்பை ஒட்டி வருகின்றன, மட்டை தானாகவே அந்தக் கோட்டில் விழுகிறது. கை முந்தினால் மட்டை உடம்பை விட்டு வெளியே அகன்று சுற்றி வருகிறது. இந்தப் பிழைக்கு இங்கே காஸ்டிங் என்று பெயர், தூண்டில் எறிவது. தமிழில் தூண்டில் வீச்சு என்றே எழுதிவிட்டேன், யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தடம் நல்ல சொல், அக்கா. ஆனாலும் கோட்டுக்குள் நுழைந்து அதிலேயே நிலைப்பது என்ற பொருள் அதில் இல்லையே?

திருவாரூரிலிருந்து:

தம்பி, எங்கள் வீட்டில் அதற்குச் சால் என்று பெயர், ஏர் உழுதுபோகும் கோடு. ஏரைத் தரையில் இறக்கியதும் கொழு மண்ணில் பதிய வேண்டும், பதிந்தபடி மறுவரப்புவரை போக வேண்டும். கை தளர்ந்தால் கொழு வெளியே வந்துவிடும், சால் அறுந்துபோகும். அப்பா உழும்போது நான் பின்னாலேயே போய் அறுந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். மட்டைச்சால் என்று வையுங்கள்.

சென்னையிலிருந்து:

முந்தலை ஒப்புக்கொள்கிறேன், கதவு உவமைக்காக. சால் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சால் என்றால் எனக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கும் சால்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை டிராக்டரைப் பார்த்திருக்கும், ஏரை எங்கே பார்த்தது? ஒன்றை விளக்க இன்னொன்றை விளக்க வேண்டியிருந்தால் அது கலைச்சொல் ஆகாது.

டல்லாசிலிருந்து:

நாமே பேசிக்கொண்டிருப்பானேன் என்று எல்லாவற்றையும் சித்தி மகளுக்கு அனுப்பினேன். நேற்று மாலைப் பயிற்சியில் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

தூண்டில் வீச்சு உடனே பிடித்துக்கொண்டது. வேலியிலிருந்து ஒரு மட்டை நீளம் தள்ளி, வேலியைப் பார்த்தபடி நின்று வீசச் சொல்லியிருக்கிறாள். கை அகன்றால் மட்டை கம்பியில் இடிக்கும். இடித்தவளைப் பார்த்து மற்றவர்கள் ‘மீன் மாட்டியதா?’ என்று கேட்கிறார்களாம். முந்தல் சொல்லும் நிலைத்துவிட்டது, ஆனால் பெயராக இல்லை. ‘இடுப்பு முந்தட்டும்’ என்று ஏவலாகத்தான் வாயில் வருகிறதாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. கட்டுரையிலும் அப்படியே மாற்றிவிட்டேன்.

சால் பதினொரு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஐயா சொன்னது சரி. ஆனால் அந்த இருவரில் ஒருத்தி எழுந்து வந்து, ஹோம் பிளேட்டுக்கு (அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் தரைத்தட்டு) பின்னாலிருந்து குதிகாலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்து, ‘இதுக்குள்ளயே போகணும்’ என்று மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். ஆகவே தலைப்பில் மட்டைத்தடம். உள்ளே, மட்டை பந்தின் கோட்டில் நிலைப்பதைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘சால் பிடித்தல்’. அக்காவுக்குப் பாதி, திருவாரூர் அம்மாவுக்குப் பாதி.

இன்னும் ஒன்று பாக்கி. பின்முழங்கை இறங்கி விலாவோடு ஒட்டுகிற இடத்தை இங்கே ஸ்லாட் என்கிறார்கள். விளக்கு வைக்கும் மாடத்தை நினைத்து ‘விலாமாடம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சென்னை ஐயா பார்ப்பதற்குள் யாராவது வேறு சொல் கொடுங்கள்.